எங்ககிட்ட இல்லாத ஒண்ணு

போன்ல ஓடுத படத்த நிப்பாட்ட வேண்டாம் சார், நீங்க பாருங்க. நான் சும்மா எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். ஜன்னலோரம் கிடைச்சா வெளிய பாக்கணும்பாங்க. வெளிய என்ன இருக்கு, வெயிலும் காத்தாடியும்தான். மதுரை போய்ச் சேர இன்னும் எம்புட்டோ நேரம் கிடக்கு.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. இது எங்க பிரிண்ட். எப்படித் தெரியும்னு கேக்கீங்களா? மத்தவன் பிரிண்டுல அடியில சூதாட்ட விளம்பரம் ஓடிக்கிட்டே இருக்கும். எங்களுதுல ஓடாது. சத்தத்தத் தனியா எடுத்து, வாயசைவுக்குப் பொருத்திச் சேப்போம். அந்தப் பொண்ணு பேசுததப் பாருங்க, இம்மியாவது பிசகுதா? அது என் கைவேலை. உங்களுக்கு யாரு குடுத்தா? மச்சினனா? அவருக்கு யாரு குடுத்தா? தெரியாது. அதத்தான் சொல்ல வாரேன். எல்லாரும் எடுத்துக்கிடுவான். குடுத்தவன் யாருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல வேலை, லேப் அசிஸ்டண்ட். அது சம்பளத்துக்கு. மத்தபடி நான் அட்மின். அட்மினா இருந்தேன். எங்க குரூப்புக்குச் சுரங்கம்னு பேரு, நான் வச்ச பேருதான். எல்லாரும் வாராப்ல இணையத்துல கடை விரிச்சு வைக்கதில்ல அது. எங்களுக்குள்ள மட்டும் ஒரு தனி வலை. உள்ள இருக்கவன் கம்ப்யூட்டர் உள்ள இருக்கவனுக்கு மட்டும் தெரியும். எல்லாரும் விபிஎன் போட்டுத்தான் வரணும். அது ஒரு முக்காடு சார். முக்காடு போட்டுப் போனா எந்த வீட்டுக்காரன்னு தெரியாதுல்ல, அதேதான்.

படம் ஒரே இடத்துல இருக்காது. துண்டு துண்டா நறுக்கிக் கிடக்கும். இவன்கிட்ட ஒரு துண்டு, அவன்கிட்ட ஒரு துண்டு. நீங்க கேட்டா எல்லாப் பக்கமும் இருந்து வந்து உங்ககிட்டச் சேரும். நீங்களும் உங்ககிட்ட இருக்கத அடுத்தவனுக்குக் குடுக்கணும். எடுத்த அளவுக்குக் குடுக்கணும், அதுக்கு ரேஷியோம்போம். எடுத்துக்கிட்டே இருந்து குடுக்கலைன்னா வெளிய. எனக்குச் சொந்தம்னாலும் வெளிய. என் சித்தப்பா மகனையே வெளிய அனுப்பியிருக்கேன், அவன் கல்யாணத்துக்கு என்னக் கூப்பிடல, போகட்டும்.

வெளிய போறவன் குடுத்தது எதுவும் யாரு வீட்டுலயும் இருக்கக்கூடாது, அதுவும் என் ஏற்பாடுதான். அழிச்சிரணும். அழிச்சத போட்டோ எடுத்துக் குரூப்புல போடணும். நாளைக்கு அவன் எங்கயாச்சும் மாட்டுனா, அவன் சாமான் நம்ம வீட்டுல கிடக்கலாமா? கொடூரம்னு நெல்சன் சொல்லுவான், போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கான். கொடூரம் இல்ல, ஒழுங்கு. அப்புறம் உள்ள வாரதுக்கு ஒரு வழி. எங்ககிட்ட இல்லாத ஒண்ணக் கொண்டு வரணும். அது இல்லாம என் வீட்டு வாசல்ல வந்து கிடந்தாலும் உள்ள விட மாட்டேன்.

அப்படி வந்தவருதான் நயினார் அண்ணாச்சி. தையல் கடை. பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் தைப்பாரு. செல்போன் கடை காஜாதான் கூட்டிட்டு வந்தான். என்ன கொண்டு வந்திருக்கீங்கன்னு கேட்டா, வெக்கப்பட்டுக்கிட்டே ஒரு பென் டிரைவ எடுக்காரு. அவரு வீட்டுக்காரம்மா பாடுனது. ஆவுடைச்செல்வின்னு பேரு. கல்யாணத்துக்கு முந்தியும் பிந்தியும் மெல்லிசைக் குழுவுல பாடியிருக்காங்க, கோயில் கொடைக்கு, கல்யாணத்துக்கு. அந்தக் காலத்துக் கேசட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருந்தாரு.

போட்டுக் கேட்டேன். குப்பை ரெக்கார்டிங் சார். பாட்டுக்கு நடுவுல பூராவும் அந்த அக்கா பேச்சு. "ஏ பிள்ளைகளா, மேடைக்கு முன்னால வராதீங்க, வயர் கிடக்கு"ன்னு ஒரு அதட்டு. "தபேலாக்கார அண்ணனுக்கு யாராச்சும் ஒரு சோடா குடுங்க, மனுசன் வேர்த்து ஒழுகுதாரு"ன்னு ஒரு கிண்டல். அதுக்கு ஜனம் கெக்கெக்கெனு சிரிக்கும். இத யாரு அண்ணாச்சி எடுப்பான்னு கேட்டேன். அவரு முகம் சுருங்கிப்போச்சு. காஜாதான், "அண்ணே, நம்மகிட்ட இல்லாததுதானே, நீங்க வச்ச விதிதானே"ன்னு மடக்குனான். சரின்னு சேத்துக்கிட்டேன். பழக்கத்துக்காக நாலஞ்சு பேரு எடுத்தும் வச்சாங்க.

சாத்தூர் வந்துட்டு. சேவு வாங்குதீங்களா? வேண்டாமா. சரி.

அதுக்கப்புறம் எங்க ஆள் ஒருத்தனுக்கு இணையக் கம்பெனியில இருந்து எச்சரிக்கை வந்துச்சு. முக்காடு இல்லாம எடுத்திருக்கான் மடையன். அன்னைக்கே நான் முடிவு பண்ணேன், இனிமே ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் நானே போய் விபிஎன் போட்டுக் குடுக்கதுன்னு. ஒரு பைசா வாங்கல. பெட்ரோலும் என்னுது. நயினார் அண்ணாச்சி வீட்டுக்கும் போனேன். அந்த அக்கா சுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு, பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. பேச்சுன்னா பேச்சு. உங்க ஊரு எது தம்பி, பிள்ளைங்க எத்தனை, மூத்தது எதுல படிக்கு, வீட்டுல காப்பிக்குச் சுக்கு போடுவாங்களா மல்லி போடுவாங்களா. குரல் அப்பமே லேசா கரகரன்னுதான் இருந்துச்சு, சளின்னு சொன்னாங்க. எனக்கு அது நுணுக்கமான வேலை. பக்கத்துல ஒரு ரேடியோ ஓடுனா எப்படிச் செய்ய? எரிச்சல்ல டக்குடக்குனு நாலு பட்டனத் தட்டிவிட்டுக் கிளம்பிட்டேன்.

அந்த விபிஎன்ல, மத்தவன் வெளிய இருந்து வந்து கேக்கதுக்கு ஒரு கதவு உண்டு. அத அடைச்சிட்டேன்போல. அதாவது அவரு மத்தவன்கிட்ட இருந்து எடுக்கலாம், அவருகிட்ட இருந்து ஒருத்தரும் எடுக்க முடியாது. இது பின்னால காஜா பாத்துச் சொன்னது. என் தப்புங்கான். அந்த மனுசன் சொல்லியிருக்கணும்ல சார்? தம்பி, என்கிட்ட இருந்து ஒண்ணும் போகலையே, என்னன்னு பாருங்கன்னு ஒரு வார்த்தை. தையக்காரனுக்கு அது எப்படித் தெரியும்னு காஜா கேக்கான். தெரியாதவன் ஏன் உள்ள வரணும்?

ரேஷியோ விழ ஆரம்பிச்சிட்டு. தினமும் பாக்கேன், எடுக்காரு, எடுக்காரு, குடுக்கவே மாட்டேங்காரு. காமெடிப் படமா எடுக்காரு. கேட்டா, சம்சாரத்துக்குத் தொண்டையில புத்து, மதுரை ஆஸ்பத்திரியில கிடக்கா, படுக்கையில கிடந்து பாக்கதுக்குத்தான் தம்பிங்காரு. எல்லாரும் ஏதாச்சும் ஒரு கதை வச்சிருப்பான் சார். ஒருத்தன் பிள்ளைக்குக் காய்ச்சல்பான், ஒருத்தன் கரண்டு இல்லம்பான். நான் மூணு வாட்டி எச்சரிக்கை போட்டேன். மூணு வாட்டியும், "சரி தம்பி, குடுத்துருதேன் தம்பி"ன்னு பதில். எதக் குடுக்க? கதவுதான் அடைச்சிருக்கே. ஆனா அது எனக்கு அப்பம் தெரியாதுல்ல.

ஒரு ஞாயித்துக்கிழம குரூப்புல பேரப் போட்டேன். நயினார் வெளிய, அவரு குடுத்தத எல்லாரும் அழிங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் போட்டோ போட்டுட்டாங்க. அம்புட்டுக் கட்டுப்பாடு. அவரும், "சரி தம்பி, இவ்வளவு நாள் வச்சிருந்ததே பெருசு"ன்னு எழுதுனாரு. எனக்கே மனசு நிறைஞ்சு போச்சு. மரியாதையான மனுசன்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து லேப்டாப் கீழ விழுந்திருக்கு. டிஸ்க் போச்சு. அந்தப் பென் டிரைவுல எப்பமோ வேற படம் ஏத்தியாச்சாம். கேசட்டு எல்லாம் பூஞ்சை பிடிச்சிட்டுன்னு முன்னமே தூக்கிப் போட்டாச்சாம், கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குதுங்க நம்பிக்கை. அந்த அக்காவுக்கு ஆபரேசன் முடிஞ்சு குரல்வளையவே எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்ட. இனிமே மூச்சு மட்டும்தான், பேச்சு கிடையாது.

பாலிடெக்னிக் வாசல்ல வந்து நிக்காரு. பசங்க எல்லாம் பாக்காங்க. "தம்பி, யார்கிட்டயாச்சும் அவ பாட்டு இருக்குமா"ங்காரு. எல்லாரும் அழிச்சாச்சே அண்ணாச்சி, நீங்களும் போட்டோ பாத்தீங்கள்லன்னேன். "ஒருத்தர்கிட்டயும் இல்லையா"ன்னாரு. நான் பொய் சொல்ல மாட்டேன் சார். என்கிட்ட இருக்குன்னு சொன்னேன். அட்மின்கிட்ட எல்லாம் இருக்கணும்ல, நான் எதையும் அழிக்கதில்ல. அவரு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. நடுரோட்டுல. "பாட்டு கூட வேண்டாம் தம்பி. நடுவுல அவ பேசுதால்ல, பிள்ளைகள அதட்டுதால்ல, அத மட்டும் குடுங்க. நான் கேக்கணும். வீட்டுக்குள்ள ஒரு சத்தம் இல்ல தம்பி. பாத்திரத்த வச்சாத்தான் அவ எங்க நிக்கான்னு தெரியுது."

குடுத்திருக்கலாம்கீங்க. குடுக்க எம்புட்டு நேரம் ஆகும், பென் டிரைவ்ல ரெண்டு நிமிசம். ஆனா என் சித்தப்பா மகன் கேக்க மாட்டானா? மத்தவன் கேக்க மாட்டானா? வெளிய இருக்கவனுக்கு ஒரு வாட்டி குடுத்தா உள்ள இருக்கவனுக்கு என்ன மதிப்பு? உள்ள வந்தா குடுத்துருதேன் அண்ணாச்சின்னேன். உள்ள வர என்ன செய்யணும்னாரு. உங்களுக்குத் தெரியாததா, எங்ககிட்ட இல்லாத ஒண்ணக் கொண்டு வாங்கன்னேன். "என்கிட்ட என்ன தம்பி இருக்கு, இருந்தது அவ பாட்டுத்தான்"ங்காரு. அப்பம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழம ஒரு பெரிய படம் வருது, அது எங்ககிட்ட இல்லன்னேன். பேச்சுக்குத்தான் சார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

அந்த ஆளு சிரிக்கல.

தையக்காரன் புத்தி பாருங்க. சட்டைக்கு உள்பக்கமா ஒரு பை தைச்சு, போன உள்ள வச்சு, காமிரா வெளிய பாக்கதுக்குப் பொத்தான் ஓட்டை ஒண்ணு போட்டிருக்காரு. சுத்தியும் நூல் சுத்தி, அழகா. முதல் ஆட்டத்துக்குப் போய் நடுவரிசையில உக்காந்து, மூச்சுவிட்டா படம் ஆடும்னு மூச்ச அடக்கி அடக்கி விட்டிருக்காரு. இதெல்லாம் தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கவன் நெல்சன்கிட்டச் சொன்னது. இடைவேளை வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. அதுக்கப்புறம் போன் அடிச்சிருக்கு. சத்தமா. அந்த அக்கா பேச முடியாதுல்ல, ஏதாச்சும் வேணும்னா மிஸ்டு கால் குடுப்பாங்களாம், இவரு கிளம்பி வீட்டுக்குப் போவாராம். அதனால போன்ல சத்தத்த நிப்பாட்டவே மாட்டாராம். படம் பிடிக்கப் போற எவனாவது போன் சத்தத்த வைப்பானா சார்? ஊமைக்கு மிஸ்டு கால் என்ன அவசரம்? தண்ணிக் கேன் வந்திருக்குன்னு கூப்பிட்டிருக்காங்க.

நெஞ்சுக்குள்ள இருந்து போன் அடிக்கு, திரை வெளிச்சத்துல பொத்தான் ஓட்டை மினுங்குது. ரசிகர் மன்றத்துப் பசங்க வரிசையில இருந்து இழுத்துப்போட்டு அடிச்சிருக்காங்க. எங்க தலைவர் படத்தத் திருடவா வந்தன்னு. அம்பத்தஞ்சு வயசு ஆளு. முன்பல்லு ரெண்டு போயிட்டு. அப்புறம் ஸ்டேஷன்.

நான் என்ன பாடு பட்டிருப்பேன்னு யாராச்சும் நினைச்சுப் பாத்தாங்களா? காஜா கிடையாது, நெல்சன் கிடையாது. எல்லாருக்கும் அவரு பல்லுதான் பெருசா தெரியுது. யாருக்காகப் பிடிக்க வந்தன்னு கேட்டா அவரு என் பேரத்தான சொல்லணும்? விபிஎன் போட்டவனுக்குப் பயம் எதுக்குன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். முக்காடு எல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான், வாய்க்குக் கிடையாதுல்ல. ஒருத்தன் வாயத் திறந்தா முடிஞ்சது. லேப்புக்கு லீவு சொல்லிட்டு உக்காந்து எல்லாத்தையும் அழிச்சேன். பத்து வருசச் சேகரிப்பு. அழிச்சா திரும்ப எடுத்துருவாங்கன்னு சுத்தியல வச்சு டிஸ்க உடைச்சேன். உடைச்சத எடுத்துட்டுப் போய்க் கல்குவாரித் தண்ணியில வீசுனேன். அழுதேன் சார். உண்மையா அழுதேன்.

அதுக்கு மறுநாள் அந்த அக்கா வந்தாங்க.

கழுத்தச் சுத்தித் துண்டு. நடையேறி வந்ததுல மூச்சு அந்த ஓட்டை வழியா உஸ்ஸு உஸ்ஸுனு வருது. என் சம்சாரம் பயந்துட்டா. வந்தவங்க ஒண்ணும் காட்டல, ஜாடை பண்ணல, போன எடுத்து ஏற்கெனவே அடிச்சு வச்சிருந்தத நீட்டுனாங்க. "ஸ்டேஷன்ல அவுக உங்க பேரச் சொல்லல தம்பி. அடிச்சும் சொல்லல. பொத்தான் ஓட்டையில படம் பிடிச்சுப் பாக்கணும்னு ஒரு தையக்காரன் ஆசைன்னு மட்டும் சொல்லியிருக்காக. நீங்க பயப்பட வேண்டாம்."

எனக்கு உயிர் வந்துச்சு. உக்காருங்க அக்கான்னேன். உக்காரல. போன வாங்கி இன்னும் ஏதோ அடிச்சாங்க. "அந்தப் பாட்டக் குடுங்க. எனக்கு வேண்டாம், நான் கேக்க மாட்டேன். அவுக நாளைக்கு வெளிய வாராக. வந்ததும் போட்டுக் காமிக்கணும்."

அழிச்சாச்சு அக்கான்னேன். சுருக்கமா, மரியாதையாச் சொன்னேன். நேத்துத்தான் அழிச்சேன்னும் சொன்னேன், ஒளிக்கல. என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நானும் நின்னேன். போகவும் மாட்டேங்காங்க, திரும்ப ஒண்ணும் அடிக்கவும் மாட்டேங்காங்க. வாய் திறந்திருக்கு, கண்ணுல தண்ணி வழியுது, ஆனா அழுகச் சத்தம் கிடையாது. கழுத்துல இருந்து காத்துத்தான் வருது. எதிர்வீட்டுக்காரன் எட்டிப் பாக்கான். வாயால திட்டிட்டுப் போயிருந்தாலாவது நான் பதில் சொல்லியிருப்பேன். ஒருத்தர் சும்மா நின்னா என்னன்னு சொல்ல? திட்டவாவது எழுதியிருக்கலாம்ல, போனு கையிலதான இருந்துச்சு?

கடைசியில என் சம்சாரம்தான் தண்ணி குடுத்துக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஆட்டோ ஏத்திவிட்டா. திரும்பி வந்தவ அன்னையில இருந்து என்கிட்டச் சரியாப் பேசுததில்ல. சோறு வைக்கா, போயிருதா. அவளுக்குத் தொண்டையில ஒண்ணும் கிடையாது, நல்லாத்தான் இருக்கா.

விருதுநகர்ல கொஞ்ச நேரம் நிப்பான். காலு மரத்துப்போச்சு. இறங்குதீங்களா? நீங்க உக்காருங்க, முடிச்சிருதேன்.

காஜா அவன் பழைய போனத் தேடியிருக்கான். அதுல ஒரு பாட்டு பாதி எடுத்து நின்னது கிடந்திருக்கு. முதல் துண்டுகள் மட்டும் வந்திருக்கு, மிச்சம் வரல. கீபோர்டு ஓடுது, ஜனம் விசில் அடிக்கு, குழுக்காரர் மைக்குல, "அடுத்து உங்கள் முன் பாட வருகிறார் உங்கள் ஆவுடைச்செல்வி"ங்காரு. கைதட்டு. அந்த அக்கா மைக்க வாங்கித் தொண்டையச் செருமுதாங்க. அவ்வளவுதான், நின்னுபோச்சு. அதத்தான் பொக்கிஷம்னு கொண்டுபோய் அந்த ஆளுக்குக் குடுத்திருக்கான். அவரு தையல் கடையில அத ஓட விட்டுக்கிட்டேதான் தைக்காராம். செருமல் வரைக்கும் வரும், நிக்கும், திரும்ப முதல்ல இருந்து. அக்கம்பக்கத்துக் கடைக்காரன் ஒருத்தனும் ஒண்ணும் சொல்லுததில்லையாம். நான் கேக்கேன், அதுல என்ன சார் இருக்கு? குரலே இல்லையே.

இனிமே கேளுங்க, என் குறைய. அந்த வாரமே சுரங்கத்துல இருந்து என்னத் தூக்கிட்டாங்க. நான் கட்டுன சுரங்கம், நான் வச்ச பேரு. உள்ள போனா கதவு அடைச்சிருக்கு. காஜாவுக்குப் போன் போட்டேன். "அண்ணே, நீங்க வெளிய. நீங்க குடுத்தத எல்லாரும் அழிச்சாச்சு"ன்னான். போட்டோவும் அனுப்புனான். எல்லார் வீட்டு போட்டோவும். ஏன்டா, என் ரேஷியோ என்னடா குறைச்சல், உங்க எல்லாரையும் விட நான் குடுத்தது அதிகம்டான்னேன். "ஆமாண்ணே, ரேஷியோ நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டு வச்சிட்டான். காரணம் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் காரணம் சொல்லல. ஒரு மனுசன வெளிய அனுப்புனா ஏன்னு சொல்ல வேண்டாமா? நான் சொல்லித்தான அனுப்பினேன், எல்லாரையும்?

போகட்டும். மதுரையில நல்ல டிஸ்க் ரெண்டு வாங்கிட்டு வரத்தான் போறேன். புதுசா ஆரம்பிக்கணும். இந்த வாட்டி தெரிஞ்சவன், அறிஞ்சவன் யாரும் கிடையாது. முகம் தெரியாத ஆளா, ஒழுங்கு தெரிஞ்ச ஆளாப் பாத்து. உங்களப் போல. நான் பேசுதத இம்புட்டு நேரம் குறுக்கப் பேசாமக் கேட்டீங்க பாருங்க, அதுலயே தெரியுது.

வேண்டாம்னு சொல்லாதீங்க. காசு கிடையாது, ஒண்ணும் கிடையாது. விபிஎன் எல்லாம் நானே வீட்டுக்கு வந்து போட்டுத் தாரேன். ஒண்ணே ஒண்ணுதான், என்கிட்ட இல்லாத ஒண்ணு நீங்க குடுக்கணும். இப்பம் என்கிட்ட எதுவுமே இல்ல, உங்களுக்குச் சுலபம். போனக் குடுங்க, என்ன வச்சிருக்கீங்கன்னு பாக்கேன்.

இது யாரு? உங்க மகளா? ஸ்கூல்ல பாடுதா.

இதெல்லாம் வேண்டாம் சார். இத யாரு எடுப்பா? படம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க.